காப்ரிக்குப் போக எந்தத் துறைமுகம்? நம் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயலாளர் அண்ணாச்சிக்கும், பயணக் குழுவில் இருக்கிற மற்ற அண்ணாச்சிமார், மதினிமார் எல்லோருக்கும்,

வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வர முடியாது. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் இல்லாத குறைக்குத் தாத்தா மடியில்தான் உட்கார வைக்கப்போகிறார்களாம். ஆனால் அன்றைக்குத்தான் அக்டோபர் பயணத்துக்கு எந்தக் கப்பல் என்று கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள். போன கூட்டத்திலேயே முக்கால்வாசிப் பேர் இரண்டாவது திட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கேள்வி. ஏன் என்று விசாரித்தால், "அதுதான் காப்ரி தீவுக்குப் பக்கம்" என்று பதில் வருகிறது.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். செயலாளரிடம் மட்டும் சொன்னால் அது அவர் சட்டைப்பையோடு நின்றுவிடும். பணம் கட்டப்போகிற எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டு திட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே ஏழு ராத்திரி, அதே மத்தியதரைக் கடல், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் திட்டத்தில் கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிற்கிறது, காலை 7 மணியிலிருந்து மாலை 6.30 வரை. இரண்டாவதில் அதே வளைகுடாவில் இருக்கிற சொரெண்டோ என்ற சின்ன ஊரில், 8 மணியிலிருந்து 5 மணி வரை. நம்மில் பாதிப் பேர் இந்தப் பயணத்துக்குச் சரி சொன்னதே காப்ரிக்காகத்தான். சொரெண்டோவிலிருந்து காப்ரிக்கு விரைவுப் படகில் சுமார் 25 நிமிஷம். நேப்பிள்ஸிலிருந்து 50 நிமிஷம். வரைபடத்தை விரித்தால் சொரெண்டோவே ஜெயிக்கும். 2018-இல் நானும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் சொரெண்டோ போகிற கப்பலில் ஏறினேன். காப்ரியைப் பார்க்கவும் செய்தேன், கப்பல் மேல்தளத்திலிருந்து, பக்கத்து அறைக்காரர் இரவல் கொடுத்த பைனாகுலரில்.

நடந்தது இதுதான். சொரெண்டோவில் பெரிய பயணிகள் கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்துகிற மேடை, அதாவது பெர்த், கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு விடுவார்கள். அதற்கு டெண்டர் என்று பெயர். (டெண்டர் என்றதும் நம் ஆட்களுக்கு ஒப்பந்தப்புள்ளி நினைப்பு வரும். இது வேறு.) இதை நான் தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1974-இல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கதையும் அதுதானே? கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் வெளியே நிற்கும், தோணி போய்ச் சரக்கை வாங்கி வரும். என் அப்பா தோணிக் கணக்கு எழுதியவர். கடல் ஏறியிருக்கிற அன்றைக்குக் கப்பல் கண்ணுக்குத் தெரியும், ஒரு மூட்டைகூடக் கரைக்கு வராது. அதைக் கேட்டே வளர்ந்த நான், சொரெண்டோ என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். சென்னையில் சீட்டு போட்டுக் கொடுத்த முகவரும் "பக்கம் சார், பக்கம்" என்றாரே தவிர, நங்கூரம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

டெண்டர் ஓடுகிற நாளிலும் ஒரு முறை இருக்கிறது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் இறங்குவார்கள். பெரிய அறை எடுத்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. மற்றவர்கள் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் நம்பர் 19. எட்டேகாலுக்கு உட்கார்ந்தோம். ஒன்பதேகாலுக்கு 11 வரை கூப்பிட்டார்கள். அப்புறம் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். அலை கூடிவிட்டது, படகு கப்பலோடு மோதுகிறது, சேவையை நிறுத்துகிறோம், இறங்கியவர்களை மட்டும் திரும்ப ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அலையில் கால் தவறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். திருப்பிக் கொடுத்தது என்னவோ அந்தத் துறைமுகத்துக்கான வரிப் பணம் மட்டும்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து வந்ததில் ஒரு நல்ல மதியச் சாப்பாடு தேறும்.

இங்கேதான் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேப்பிள்ஸ் வளைகுடாவைக் கிண்ணம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தெற்கு விளிம்பில் சொரெண்டோ, வடக்கையும் வடமேற்கையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காப்ரியில் படகு அணைகிற மரினா கிராண்டேயும் தீவின் வடக்குக் கரையில்தான். எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிற, உள்ளே தண்ணீர் நீலமாக ஒளிர்கிற கடல் குகையான நீலக்குகையும் அதே பக்கம், வடமேற்கு மூலையில். வடக்கிலிருந்து வருகிற காற்றை அங்கே த்ரமொந்தானா என்கிறார்கள், நம் வாடைதான். வடமேற்கிலிருந்து வருவது மயெஸ்த்ராலே. இந்த இரண்டில் எது எழுந்தாலும் முதலில் நீலக்குகை மூடும். இன்னும் கூடினால் விரைவுப் படகு நிற்கும். அதே காற்று சொரெண்டோ டெண்டரையும் நிறுத்தும். அதாவது, காப்ரிக்குப் போக முடியாத நாளும் சொரெண்டோவில் கால் வைக்க முடியாத நாளும் பெரும்பாலும் ஒரே நாளாக வந்து சேரும். ஒரே கயிற்றில் இரண்டு வாளியையும் கட்டிக் கிணற்றில் இறக்குகிற வேலை.

நேப்பிள்ஸ் அப்படி இல்லை. கப்பல் பெர்த்தில் கட்டி நிற்கும், படிப்பாலம் வழியாக நேரே தரைக்கு நடந்து வரலாம். எதிரே காஸ்டெல் நுவோவோ என்ற பழைய கோட்டை. கப்பல் முனையத்தை விட்டு வெளியே வந்து கடலோரமாக இடப்பக்கம் ஐந்து, பத்து நிமிஷம் நடந்தால் மோலோ பெவெரெல்லோ. காப்ரிக்குப் போகிற விரைவுப் படகெல்லாம் அங்கேதான். மூட்டுவலிக்காரர்கள்கூட நடந்துவிடலாம், ஏற்ற இறக்கம் இல்லை. ஆக, சொரெண்டோவில் மிச்சமாகிற 25 நிமிஷத்தை நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தே தொலைத்துவிடுவோம். கடல் அமைதியாக இருக்கிற நாளிலேயே கணக்கு இப்படித்தான்.

இன்னொன்று. விரைவுப் படகு நின்றுபோனாலும் கார்களை ஏற்றிப் போகிற பெரிய, மெதுவான கப்பல் சில நேரம் ஓடும், அது அலையைக் கொஞ்சம் தாங்கும். ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அது பெவெரெல்லோவிலிருந்து கிளம்பாது. கப்பல் முனையத்துக்கு மறுபக்கம் இருக்கிற கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா என்ற இடத்துக்குப் போக வேண்டும். கலாத்தா என்றால் அவர்கள் பாஷையில் படகுத்துறை. நம் கலாட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒருநாள் படகு நின்றுபோய் எல்லோரும் அங்கே ஓடினால் இரண்டுக்கும் சம்பந்தம் வந்துவிடும்.

சரி, நேப்பிள்ஸிலும் காற்று எழுந்து, டிக்கெட் கவுண்டரில் "மாரே மோஸ்ஸோ" என்று கையை விரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடல் கொந்தளிப்பு என்று அர்த்தம். அப்போது நம் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. இத்தனை பேர் பேசியும் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. நேப்பிள்ஸில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பொம்பெயி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர், வண்டிச் சக்கரம் தேய்த்த தடம்கூட அப்படியே இருக்கிறது. அங்கேயும் இப்போது நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து. ஆனால் அக்டோபர் நடுவில் காலை நேரம் போனால் பயப்பட வேண்டாம். அதுவும் வேண்டாமென்றால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பொம்பெயியில் எடுத்த நல்ல பொருளெல்லாம் அங்கேதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனிக்க வேண்டும். எதுவுமே வேண்டாம், உட்கார்ந்து பீட்ஸா சாப்பிடுவோம் என்றாலும் அது பிறந்த ஊரே நேப்பிள்ஸ்தானே.

சொரெண்டோ பக்கமும் நியாயமாகப் பேசுகிறேன். டெண்டர் ஓடி, காப்ரிப் படகு மட்டும் நின்றால் அங்கிருந்தும் பொம்பெயிக்கு அரை மணி நேரத்தில் ரயில் உண்டு. ஊரும் அழகு, செங்குத்துப் பாறை மேல் எலுமிச்சைத் தோட்டங்களோடு உட்கார்ந்திருக்கும். டெண்டர் இறக்கிவிடுகிற மரினா பிக்கோலாவிலேயே காப்ரிப் படகும் கிடைக்கும், அலைய வேண்டாம். ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கு நான் சொரெண்டோவைத்தான் சொல்வேன். ஒரே ஒரு பகல் கையில் வைத்திருக்கிற கப்பல் பயணிக்குச் சொல்ல மாட்டேன்.

போன கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்ததாமே, "கப்பல்தான் ரோமில் ஒருநாள் நிற்கிறதே, அங்கிருந்து காப்ரி போய் வந்தால் என்ன" என்று? ரோமில் கப்பல் நிற்காது அண்ணாச்சி. ரோம் என்று நோட்டீஸில் போட்டிருப்பது சிவித்தாவெக்கியா துறைமுகம், ரோமிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து ரோமுக்கு ஒரு ரயில், ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு இன்னொரு ரயில், அப்புறம் துறைமுகம், அப்புறம் படகு. காப்ரியில் கால் வைக்கும்போது மத்தியானம் ஆகிவிடும், வைத்த காலை அப்படியே திருப்ப வேண்டும். சலேர்னோவில் நிற்கிற கப்பல்களும் உண்டு. அமால்ஃபி கரையோரமாகப் படகு போகும், கண்ணுக்கு விருந்துதான், ஆனால் நேரம் கூடுதல், சீசனில் மட்டும்தான் ஓடும். நம் இரண்டு திட்டத்திலும் அது இல்லை, விட்டுவிடுவோம்.

2023-இல் நானும் வீட்டம்மாவும் நேப்பிள்ஸ் வழியாகப் போனதைச் சொல்கிறேன். ஏழு மணிக்குக் கப்பல் கட்டியது. எட்டு மணிக்கு நாங்கள் பெவெரெல்லோ வரிசையில். டிக்கெட்டோடு தீவில் இறங்குவதற்கும் ஒரு கட்டணம் சேர்த்து வாங்குவார்கள். அப்போது இரண்டரை யூரோ, 2024 சீசனில் ஐந்து யூரோ ஆக்கிவிட்டார்கள். படகு முழுக்க மூடியிருக்கும், வெளியே நின்று காற்று வாங்க வழியில்லை. குமட்டல் வருகிறவர்கள் படகு ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு அவோமின் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த நானே போட்டுக்கொண்டேன்.

மரினா கிராண்டேயில் இறங்கியதும் மேலே போக ஃபூனிகோலார் என்ற மலை ரயில். 1907-இலிருந்து ஓடுகிறதாம், நாலு நிமிஷத்தில் ஊர்ச் சதுக்கத்தில் கொண்டு விடும். வரிசை மட்டும் பழனி விஞ்சு வரிசை மாதிரி. அங்கே நிற்காமல் பொடிப் பஸ்ஸைப் பிடித்து, தீவின் மேட்டில் இருக்கிற இன்னொரு ஊரான அனாகாப்ரிக்குப் போய்விடுங்கள், கூட்டம் பாதியாகக் குறையும். பஸ் போகிற வளைவுகளில் ஜன்னல் பக்கம் கீழே பார்க்க வேண்டாம். முன்காலத்தில் துறைமுகத்திலிருந்து அனாகாப்ரிக்கு 921 படிக்கட்டுதான் வழி, இன்றைக்கும் இருக்கிறது. வைராக்கியம் உள்ளவர்கள் முயற்சி செய்யலாம், நான் கீழே நின்று கை காட்டுகிறேன். அனாகாப்ரியிலிருந்து மான்டே சொலாரோ மலை உச்சிக்குக் கம்பிவடத்தில் தொங்குகிற ஒற்றை நாற்காலி போகும், ஆளுக்கு ஒன்று, பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம். காலுக்கடியில் திராட்சைத் தோட்டமும் யாரோ வீட்டுக் கொல்லையும் நகரும். வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னதில் முக்கால் கவசம் முடிந்திருந்தது. உச்சி 589 மீட்டர். ஒரு பக்கம் ஃபராலியோனி பாறைகள் கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும், மறுபக்கம் வெசுவியஸ். தயிர்சாதத்துக்கு வழியில்லை. தக்காளியும் வெண்பாலாடைக் கட்டியும் வைத்த ரொட்டி, கிரானிட்டா என்ற எலுமிச்சை ஐஸ், போதும்.

நீலக்குகை அன்றைக்கு மூடியிருந்தது. நுழைவாய் ஒரு மீட்டர் உயரம்தான். சின்னத் துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், கொஞ்சம் அலை எழும்பினாலும் விட மாட்டார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்திவிட்டால் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவோமே, அது மாதிரிதான். ஆகவே நீலக்குகைக்காக மட்டும் காப்ரி போகிறவர்கள் இப்போதே மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அக்டோபரில் மூடுகிற நாள் கூடுதல்.

திபேரியஸ் என்ற ரோமச் சக்கரவர்த்தி தன் கடைசிப் பத்து வருஷத்தை இந்தத் தீவில்தான் கழித்தார், இங்கிருந்தே சாம்ராஜ்யத்தை ஆண்டார். சுற்றிலும் செங்குத்துப் பாறை, இறங்க ஒரே ஒரு சின்னக் கரைதான் என்பதால் அவருக்குத் தீவு பிடித்துப்போனதாகப் பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். யாரும் சுலபமாக வந்துவிடக் கூடாது என்று தேர்ந்தெடுத்த இடத்துக்குத்தான் இப்போது ஆயிரக்கணக்கில் போகிறோம். 2024 ஜூன் 22-ஆம் தேதி தீவுக்கு வருகிற குடிநீர்க் குழாய் கெட்டுப்போனதில், சுற்றுலாப் பயணிகள் யாரும் இறங்கக் கூடாது என்று மேயரே உத்தரவு போட்டார். பாதி வழியில் இருந்த படகுகூடத் திரும்ப வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தானே தடை நீங்கியது என்றாலும், ஒருநாள் பயணிக்கு நாள் போனது போனதுதான். நேப்பிள்ஸில் இருந்தவர்களாவது ரயிலைப் பிடித்துப் பொம்பெயி போயிருக்கலாம்.

திரும்புவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கப்பல் கிளம்புகிற நேரமும் நாம் கப்பலில் இருக்க வேண்டிய நேரமும் வேறு. பின்னது அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். கப்பல்காரர்களே நடத்துகிற சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போனால் காத்திருக்காது. சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் தீவில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வரும். மலை ரயில் வரிசை, படகு வரிசை எல்லாம் நீளும். நாங்கள் இரண்டு மணிக்கே கீழே இறங்கி, மூன்று மணிக்குள் படகு ஏறி, நாலு மணிக்கு நேப்பிள்ஸில் காபி குடித்தோம். கடைசிப் படகை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதையும் நம்பாதீர்கள், அதற்கும் முந்தியதில் ஏறுங்கள். முழங்கால் அறுவை செய்த இரண்டு மதினிமார்களும், சர்க்கரைக்கு ஊசி போடுகிற அண்ணாச்சியும் கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே போகட்டும். விலை கூடுதல்தான், ஆனால் அந்தப் பணம் கப்பல் காத்திருப்பதற்கான பணம்.

அப்புறம், யாரும் கேட்காமலே ஒரு யோசனை. கடை கடையாக ஏறி இறங்குகிற ஆசை இல்லாதவர்கள் காப்ரியை விட்டுவிட்டுப் புரோச்சிதாவுக்கு வாருங்கள். அதே பெவெரெல்லோவிலிருந்து முக்கால் மணிக்குள் போகலாம். நாலு சதுர கிலோமீட்டர்கூட முழுசாகத் தேறுமோ என்னவோ, அத்தனை சின்னத் தீவு. 2022-இல் இத்தாலியின் கலாச்சாரத் தலைநகர் என்று அதற்குப் பட்டம் கொடுத்தார்கள், ஒரு தீவுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. கொரிச்செல்லா என்று ஒரு மீனவர் துறை. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கடலில் இருந்து பார்க்கும்போது அவரவர் வீடு அடையாளம் தெரிய வேண்டும் என்று அடித்த வண்ணம் என்கிறார்கள். வாசலில் வலை காய்கிறது. கார் உள்ளே வராது, படியில் இறங்கித்தான் போக வேண்டும். நம் ஊர்த் திரேஸ்புரம் மீன்துறையில் காலை நேரம் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு, வாசம் உட்பட. சொரெண்டோக் கப்பலில் போனால் இந்தத் தீவைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரே பகலில் நடக்காது.

செயலாளர் அண்ணாச்சி, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கப்பல் பெர்த்தில் கட்டுமா, நங்கூரமா? கப்பலில் திரும்பி இருக்க வேண்டிய நேரம் என்ன? அந்தத் துறைமுகம் ரத்தானால் கைக்கு என்ன வரும்? வாயால் சொல்கிற "பக்கம் சார்" வேண்டாம்.

என் கையை முதல் திட்டத்துக்குத் தூக்கியதாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டம்மா கையையும் சேர்த்து. நேப்பிள்ஸ் என்று முடிவானால் பெவெரெல்லோ டிக்கெட் வரிசையில் எல்லோருக்குமாக நான் போய் நிற்கிறேன். ஆனால் ஏழரைக்குள் எல்லோரும் காபி குடித்து முடித்திருக்க வேண்டும். போன வருஷம் திருச்செந்தூர் வேனை ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தது யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
குழுவில் ஒருவன், தூத்துக்குடி